அதன் அங்க அடையாளங்கள்

ஜமுனாமரத்தூர் தாலுகா ஆபீசுக்கு எதிரில் மேசை போட்டு மனு எழுதுகிறவன் நான். காணாமல் போன ஆடு, கிடைக்காத பட்டா, பக்கத்து நிலத்துக்காரன் நகர்த்திப் போட்ட வேலி என்று மலையில் என்ன கோளாறு நடந்தாலும் அது என் மேசை வழியாகத்தான் அரசாங்கத்துக்குப் போகும். அங்கிருந்து பதில் வருமா என்பது வேறு இலாகா. எழுத்து கைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பழகிவிட்டதால், ஒரு மழைக்காலத்தில், ஆள் வராத மதியங்களில் உட்கார்ந்து ஒரு நாவல் எழுதினேன். 'பெறுநர்' என்று தொடங்காமல் நான் எழுதிய முதல் சமாச்சாரம் அது. திருவண்ணாமலையில் ஒருவர் அதைப் புத்தகமாகவும் போட்டார். அவருக்கு அப்போது நேரம் சரியில்லை.

நாவலில் ஒன்று வரும். மழை பிடித்த சாயங்காலங்களில் புளியந்தோப்பு வழியாக ஒரு வீட்டுக்கு வரும். வாசல்வரை வந்து நிற்கும். கதவைத் தட்டாது, உள்ளே வராது, யாரையும் ஒன்றும் செய்யாது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விடும். வீட்டுக்குள் இருப்பவர்கள்தான் ஒவ்வொருவராகக் கெட்டுப்போவார்கள். அதற்கு நான் பெயர்கூட வைக்கவில்லை. புத்தகம் முழுக்க 'அது'தான். பார்க்க எப்படி இருக்கும் என்று ஒரு வரியும் கிடையாது. நனைந்த கம்பளி வாசனை அடிக்கும். சருகின்மேல் ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கும் சத்தம் கேட்கும். இந்த இரண்டும்தான் நான் கொடுத்த அடையாளம்.

போளூரில் நடந்த ஒரு கூட்டத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், உருவத்தைச் சொல்லாமல் விட்டது பெரிய உத்தி என்று வெகுநேரம் பாராட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டு அடக்கமாக உட்கார்ந்திருந்தேன். உண்மையில் அதில் உத்தியும் இல்லை, புத்தியும் இல்லை. மனு எழுதுகிறவனுக்கு எதையும் தானாக மனதில் வரைந்து பார்க்கிற பழக்கம் கிடையாது. ஆட்டைக் காணோம் என்று ஒருவர் வந்தால், "அங்க அடையாளம் சொல்லுங்க" என்பேன். கறுப்பு, காதில் வெள்ளைப் புள்ளி, ஒரு கொம்பு பாதி என்று அவர் சொல்லுவார், நான் எழுதுவேன். நாவலில் அது முதல்முறையாக வாசலுக்கு வந்து நின்றபோதும் அப்படித்தான், யாராவது சொல்லுவார்கள் என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். எதிரில் ஆள் இல்லை. இடத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன்.

காலி என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

புத்தகம் மலைக்குள் கொஞ்சம் சுற்றியது. இங்கே ஒரு பிரதியை நாலு பேர் படிப்பார்கள், ஐந்தாவது ஆள் தொலைத்துவிடுவார். படித்தவர்கள் என் மேசைக்கு வந்து அதைப் பற்றி ஏதோ தூரத்துச் சொந்தக்காரரைப் பற்றி விசாரிப்பதுபோலப் பேசினார்கள். டீக்கடைக்காரர் முன்பு கறிக்கடை வைத்திருந்தவர். அவருக்கு அது தோலுரித்த ஆடு மாதிரி, ஆனால் ஆள் உயரம். நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள், சிவப்பாக, ஈரமாக இருக்கும் என்று, என்றார். எங்கே எழுதினேன் என்று கேட்டதற்குப் பக்கத்தைக் காட்டுகிறேன் என்று புரட்ட ஆரம்பித்தார். எனக்கு ஊற்றி வைத்த டீ ஆறி ஆடை கட்டும்வரை புரட்டினார். "இருந்துச்சே" என்று முனகிவிட்டு மூடி வைத்தார். அன்றிலிருந்து, நான் ஊர் ஊராகப் போய் எல்லாப் பிரதியிலும் அந்த வரியை அழித்துவிட்டு வந்தவன்போல என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்.

வனக்காவலர் ஒருவருக்கு அது சந்தேகமே இல்லாமல் கரடி. இரண்டு காலில் நிற்கும் கரடி. ஒருமுறை கரடி துரத்தி மரத்தில் ஏறியவர் அவர். கரடி என்றே முடிவு செய்துவிட்டு, பிறகு, கரடி இப்படிக் காலை இழுத்து நடக்காது, தெரியாமல் எழுதிவிட்டீர்கள் என்று என்னைத் திட்டவும் செய்தார். சந்தவாசலிலிருந்து ஒரு கல்லூரி மாணவி, தான் மனதில் பார்த்ததைப் போனிடம் சொல்லி வரைய வைத்துப் படமாக அனுப்பினாள். ஒல்லியாக, வெள்ளைக் கண்ணோடு, கைக்கு ஏழு விரலோடு ஒன்று நின்றிருந்தது. ஏழு விரல் எதற்கு என்று கேட்டேன். அது போன் தானாகச் சேர்த்தது, அதன் கற்பனைக்குத் தான் பொறுப்பல்ல என்று பதில் வந்தது. என் மனைவியோ யோசிக்கவே இல்லை. "மழைல நனைஞ்சிகினு வந்து, உள்ள வர பயந்துகினு வாசல்லயே நிக்கறது வேற யாரு? நீங்கதான்" என்றாள். காலை இழுப்பதற்கும் காரணம் வைத்திருந்தாள். செருப்பு வார் அறுந்திருக்கும்.

இதையெல்லாம் நான் ஆளுக்கு ஆள் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு குறைந்தது மலைப்பாதை பஸ் கண்டக்டரிடம்தான். அதற்கு உருவமே கிடையாது என்றார் அவர். கடைசி சீட்டில் ஆள் இருக்க மாட்டார்கள், ஆனால் சீட்டு மட்டும் ஆள் உட்கார்ந்த மாதிரி அமுங்கியிருக்கும், அதுதான் அது என்றார். என் நாவலில் பஸ்ஸே வராது. அதைச் சொன்னேன். தெரியும் என்று தலையாட்டினார். கொஞ்சம்கூடச் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு நர்ஸம்மா வந்தார், இடமாறுதல் விண்ணப்பம் எழுத. எழுதிக்கொண்டிருக்கும்போதே புத்தகத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. தனக்கு அதன் முகம் உடம்பு எதுவும் தெரியவில்லை, கைவிரல் நகம் மட்டும் தெரிகிறது என்றார். மஞ்சளாக, நடுவில் பிளந்த நகம். "எங்க அப்பாவுக்கு அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு, தான் சொன்னதைத் தானே அப்போதுதான் கேட்டவர்போலச் சிரிப்பை நிறுத்தினார். பாதி எழுதிய விண்ணப்பத்தை என்னிடமே விட்டுவிட்டு எழுந்து போனார். இன்னும் வாங்கிக்கொள்ள வரவில்லை.

அன்று மேசையை மடித்து வைக்கும்போது என் புத்தகத்தை நினைத்து எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. நான் கொடுத்தது ஒரு காலிச் சாக்கு. அவரவர் வீட்டில் இருந்ததை உள்ளே போட்டுக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். உள்ளே என்ன அசைகிறது என்று எனக்குத் தெரியாது. சாக்கின்மேல் அச்சடித்திருப்பது மட்டும் என் பெயர்.

அப்படி இருக்கும்போது ஒரு சந்தை நாளில் புதூர்நாட்டுப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து ஒருவர் வந்தார். நடுத்தர வயது, நல்ல சட்டை, சந்தைக்கு வந்த ஆள்போல இல்லை. கையில் மனுவுக்கான காகிதம் எதுவும் இல்லை. உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார். என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன்.

"எழுத ஒண்ணும் இல்ல சார். நீங்க எங்க அண்ணன பாக்கலன்னு எங்க ஊருக்கு வந்து ஒரு வார்த்த சொல்லணும்."

"யாருங்க உங்க அண்ணன்?"

"அதான் சார், புக்குல எழுதியிருக்கீங்களே."

அவர் சொன்னதைச் சுருக்கினால் இதுதான். சில வருடங்களுக்கு முன் அவருடைய அண்ணன் ஊர்க்காரர்களோடு கர்நாடகத்துக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போனார். சீசன் முடிந்து திரும்பும் வழியில் ஏதோ ஒரு பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று இறங்கினார். பஸ் கிளம்பும்போது ஆள் இல்லை. தேடினார்கள், திருப்பத்தூரில் புகார் கொடுத்தார்கள், கோயிலில் குறி கேட்டார்கள். ஒரு தகவலும் இல்லை. பிள்ளைகள் கிடையாது. வீட்டில் அண்ணி மட்டும் இருக்கிறார். இப்போது தம்பியான இவருடைய மகளுக்குக் கல்யாணம் கூடி வந்திருக்கிறது. ஆனால் இருக்கிறாரா போய்விட்டாரா என்று தெரியாத ஆளை வைத்துக்கொண்டு அந்தப் பங்காளி வீட்டில் பந்தக்கால் நடக்கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். இருந்தால் வந்து நிற்கட்டும். இல்லையென்றால் காரியம் செய்து, போட்டோவைப் பெரிது பண்ணிச் சுவரில் மாட்டி மாலை போட்டுவிட்டுக் கல்யாணத்தை நடத்துங்கள் என்பது அவர்கள் முடிவு. மாப்பிள்ளை வீட்டில் ஏற்கெனவே பொறுமை போய்க்கொண்டிருந்தது. பேசிப் பேசி அண்ணியும் சரி என்று சொல்லுகிற நேரத்தில்தான் யாரோ அவருக்கு என் புத்தகத்தைப் படிக்கக் கொடுத்திருக்கிறார்கள்.

அண்ணன் சின்ன வயதில் பலாமரத்திலிருந்து விழுந்தவர். ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பார்.

"கம்பளி இல்லாம வெளிய போக மாட்டாரு சார்" என்றார் தம்பி. "மனு எழுதறவரு பாக்காதத எழுத மாட்டாரு, எங்கயோ பாத்திருக்காரு, அதனாலதான் இவ்ளோ சரியா எழுதியிருக்காருன்னு அண்ணி ஒரே புடியா நிக்குது. காரியத்துக்கு ஒத்துக்க மாட்டேங்குது."

அது கதைதானே என்று நான் சிரிக்கப் பார்த்தேன். தனக்கு அது தெரியும் என்றார் அவர். தானும் படித்ததாகவும், தனக்கு அது கரடி மாதிரிதான் தெரிந்தது என்றும் சொன்னார். சொல்லும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் ஆமாம் என்று சொல்ல வேண்டும் என்பதுபோல.

என் எழுத்தை இவ்வளவு நம்புகிறவர்கள் இருக்கிறார்கள் என்று நான் பெருமைப்பட வேண்டிய நேரம் அது. நானோ பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். நான் எழுதுகிற ஒவ்வொரு மனுவும் 'மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை' என்றுதான் முடியும். மலையில் பலருக்கு என் கையெழுத்து என்றாலே அந்த வரியும் சேர்ந்ததுதான். நாவலின் கடைசியில் அந்த வரி இல்லை என்பதை யார் பார்க்கப் போகிறார்கள்?

அடுத்த சில நாட்கள் என் மண்டைக்குள் நானே தேடினேன். காலை இழுத்து நடக்கும் ஒரு ஆளை எங்காவது பார்த்திருக்கிறேனா? சந்தைக்கு எத்தனையோ பேர் வருகிறார்கள். அவர்களுடைய புகாரை நான் எழுதவில்லை, அது திருப்பத்தூரில் நடந்தது, அந்த அம்மாவையும் பார்த்ததில்லை. காலை இழுத்தால் பயமாக இருக்கும் என்று எழுதும்போது தோன்றியது, வைத்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. ஆனால் தோன்றியது எங்கிருந்து தோன்றியது என்று கேட்டால் பதில் இல்லை. கேட்கக் கேட்க, சருகுச் சத்தம்தான் தெளிவாகிக்கொண்டே வந்தது.

பொய் சொல்லப் போகவில்லை, உண்மையைத்தானே சொல்லப் போகிறோம் என்று தைரியம் சொல்லிக்கொண்டு ஒரு நாள் ஜீப் ஏறினேன். பலாப்பழம், ரேஷன் மூட்டை, ஒரு ஆட்டுக்குட்டி, ஆறேழு கம்பளி போர்த்திய ஆட்கள், இவற்றுக்கு நடுவில் ஒரு நாவலாசிரியர். ஆட்டுக்குட்டிக்குத்தான் எல்லோரும் இடம் விட்டார்கள். வழியெல்லாம் மேகம் இறங்கிச் சாலையில் படுத்துக்கிடந்தது. டிரைவர் ஹாரன் அடித்தபடியே போனார்.

ஊர் கூடுவதற்கு முன் அண்ணியைப் பார்த்துவிடுங்கள் என்று தம்பி என்னை அவர் வீட்டுக்குக் கூட்டிப்போய் விட்டுவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார். பெரிய பொட்டு, தலையில் பூ, நாற்பதைத் தாண்டிய முகம். அழுது ஆர்ப்பாட்டம் செய்கிற பெண் ஒருவரை எதிர்பார்த்து அதற்கேற்ற முகத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவரோ மழையில் நனைந்தீர்களா என்று கேட்டு, துண்டு கொடுத்து, சாமைச் சோறும் குழம்பும் வைத்தார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை. எனக்கு மறுசோறு வைத்தபோது மட்டும், மெலிந்த உடம்பு என்றார். இது என் மனைவி காதில் விழ வேண்டியது.

பிறகு ஒரு துணியில் சுற்றி வைத்திருந்த என் புத்தகத்தை எடுத்து வந்தார். நான் அச்சில் பார்த்ததைவிட விறைப்பாக இருந்தது. விரித்துப் பார்த்தால் நடுநடுவே தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. மழையில் நனைந்துவிட்டதா என்று கேட்டேன்.

"இல்லைங்க. நான்தான் சோத்தப் பசையாக்கி ஒட்டினேன். அது திரும்பிப் போற பக்கம் அதெல்லாம்."

ஒன்று விடாமல் ஒட்டியிருந்தார். அவருடைய பிரதியில் அது புளியந்தோப்பு வழியாக வரும், வாசலில் நிற்கும். பக்கத்தைத் திருப்பினால் மறுபடி வரும், நிற்கும். போகவே போகாது. என் நாவலில் இவ்வளவு கறாராக யாரும் கை வைத்ததில்லை. படித்துப் பார்த்தேன். நான் எழுதியதைவிட நன்றாக இருந்தது. நான் எழுதியதைவிட மூச்சு முட்டியது.

"எங்க பாத்தீங்க?" என்றார்.

"பாக்கலம்மா. கதைக்காக நானா வச்சது."

"யோசிச்சுச் சொல்லுங்க. பாத்துட்டு மறந்திருப்பீங்க. பஸ் ஸ்டாண்டு மாதிரி எடத்துல நாலு பேர்ல ஒருத்தரா போயிருப்பாரு."

இல்லை என்று தலையாட்டினேன். அவர் விடவில்லை. கோபமும் இல்லை. மறந்துபோன ஆளுக்கு ஞாபகப்படுத்துகிற பொறுமைதான் அந்தக் குரலில் இருந்தது. எந்தக் கால் என்று நீங்கள் எழுதவில்லை, இடது கால் என்றார். ஈர மண்ணில் நடந்து வந்தால் ஒரு பாதம் பதியும், பக்கத்தில் கட்டைவிரல் இழுத்த கோடு மட்டும் வரும் என்றார். கம்பளி பழுப்பு, ஓரத்தில் எலி கடித்தது. தலைக்கு மேல் போட்டு முகவாய்க்குக் கீழே ஒரு கையால் பிடித்துக்கொள்வார். குனிந்துதான் வருவார், வாசல் நிலை எல்லாருக்கும் உயரமாக இருந்தாலும் அவருக்குக் குனியும் பழக்கம்.

என் கை தானாகச் சட்டைப்பையில் பேனாவைத் தேடியது. நாவல் எழுதும்போது நான் காத்திருந்த ஆள் இப்போதுதான் எதிரில் வந்து உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். நான் காலியாக விட்டிருந்த இடத்தில் ஈர மண்ணில் ஒரு கோடு விழுந்தது. அதை நான் பார்த்தேன். பட்டப்பகலில், நிறைந்த வயிற்றோடு பார்த்தேன்.

பேச்சை மாற்ற நினைத்து, இதைப் படித்தால் பயமாக இல்லையா, மற்றவர்கள் எல்லாம் பேய் பிசாசு என்கிறார்களே என்று கேட்டுவைத்தேன்.

"வாசல்ல நிக்கறது வூட்டு ஆளா இருந்தா பயம் இன்னாத்துக்குங்க?" என்றார். "உள்ள வராமப் போய்டுமோன்னுதான் பயம்."

ஊர் கூடியது. கோயிலுக்கு முன்னால் பெரியவர்கள் ஐந்தாறு பேர் கல்லில் உட்கார்ந்திருந்தார்கள். மற்றவர்கள் கம்பளிக்குள் கைகளை வைத்துக்கொண்டு நின்றார்கள். பெரியவர்களில் ஒருவர் முன்பு பட்டா மனுவுக்காக என் மேசைக்கு வந்தவர், என்னைப் பார்த்துக் கை தூக்கினார். கல்யாணம் ஆக வேண்டிய பெண் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தூரத்தில் நின்றாள். தண்ணீர் பிடிக்கப் போகிற சாக்கு, குடம் ஏற்கெனவே நிறைந்திருந்தது.

பார்த்தீர்களா என்று கேட்டார்கள். பார்க்கவில்லை என்றேன். அப்படியானால் எழுதியது? கற்பனை, அந்த மாதிரி ஒன்று கிடையவே கிடையாது என்றேன். என் வாழ்க்கையில் இவ்வளவு சுருக்கமாக நான் எதையும் சொன்னதில்லை. தம்பி அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார். முடிந்தது, ஜீப்பைப் பிடித்துவிடலாம் என்று நானும் நினைத்தேன்.

அந்த அம்மா ஓரத்திலிருந்து முன்னால் வந்தார். "அதோட மொகம் எப்பிடி இருக்கும்? புக்குல எங்கயும் இல்லையே" என்றார்.

"எனக்கே தெரியாதும்மா. நான் நெனச்சுப் பாக்கல."

"மொகம் தெரியாதுன்னா, அவரு இல்லன்னு மட்டும் எப்பிடித் தெரியும்?"

பெரியவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் என் செருப்பைப் பார்த்தேன். போளூரில் கைதட்டு வாங்கித் தந்த உத்தி, புதூர்நாட்டு மலையில் வைத்து என் கழுத்தைப் பிடித்துவிட்டது.

தம்பி என் பக்கத்தில் வந்து நின்றார். குரல் கெஞ்சலாக இருந்தது. அவரைக் கெட்டவர் என்று நான் எங்கும் சொல்ல மாட்டேன். அண்ணனைத் தேடி ஊர் ஊராக அலைந்ததும் அவர்தான், மகள் முகத்தைத் தினமும் பார்ப்பதும் அவர்தான். "சொல்லிடுங்க சார். இப்பிடித்தான் இருக்கும்னு எதுனா ஒண்ணு சொல்லிடுங்க. கொம்போ, வாலோ. அது எங்க அண்ணன் இல்லன்னு ஆயிடும்."

ஒரு வாக்கியம் போதும். எத்தனை ஆட்டுக்கு, எத்தனை மாட்டுக்கு எழுதியிருக்கிறேன். நாலு கால், கூரான பல், வாயில் நுரை. அந்தப் பெண்ணின் கல்யாணம் நடக்கும், ஊருக்கு நிம்மதி, எனக்கு ஜீப். டீக்கடைக்காரரின் ஆட்டையோ வனக்காவலரின் கரடியையோ கடன் வாங்கிக்கொண்டால்கூடப் போதும். வாயைத் திறந்தேன். "உடம்பெல்லாம் கறுப்பு முடியா..." என்று தொடங்கிவிட்டேன். அந்த அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். யாரோ உள்ளிருந்து சாத்தப் போகிற கதவைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"அது எழுத்துல இருக்குதுங்களா?" என்று கேட்டார் பட்டா பெரியவர்.

"இல்லைங்க. இப்பதான் சொல்றேன்."

"அப்ப செல்லாதுங்களே. என் மனுல ஒரு வரி உட்டுப்போச்சு, வாயால சொல்லிக்கிறேன்னு வந்தப்ப நீங்கதான சொன்னீங்க, எழுத்துல இல்லாதத அப்புறமா வாயால சேத்தா செல்லாதுன்னு? அதுக்கோசரம் என்ன ரெண்டு தடவ நடக்க உட்டீங்களே."

நான் சிரித்துவிட்டேன். கூட யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் கிண்டலுக்குச் சொல்லவில்லை, சட்டத்தைச் சொன்னார். மற்ற பெரியவர்களும் அது சரிதான் என்று தலையாட்டினார்கள். தூரத்தில் அந்தப் பெண் குடத்தைக் கீழே இறக்கி வைத்தாள்.

மேகம் கோயில் கூரைவரை இறங்கி வந்தது. எதிரில் நிற்பவர்களின் முகம் மங்கி, கம்பளியும் உருவமும்தான் தெரிந்தன. அப்போதுதான் அந்த அம்மா பேசினார். குரல் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு ஒரு கணம் பிடிபடவில்லை.

"கல்யாணத்த நிறுத்த வேணாம். காரியம் பண்ணிக்குங்க, நான் தடுக்கல. போட்டோவுல இருக்கறவருக்குப் பண்ணிக்குங்க. செவுத்துல மாட்டுங்க, மால போடுங்க. என் பொட்ட வேணும்னாலும் எடுத்துக்குங்க." தன் வீட்டுப் பக்கம் கை காட்டினார். "வாசலுக்கு வருதே, அதுக்கு மொகம் இல்லன்னு சார் சொல்லிட்டாரு. அதுக்கு யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. சாய்ந்தரத்துல என் கதவ மட்டும் யாரும் சாத்தக் கூடாது."

பெரியவர்கள் குனிந்து தங்களுக்குள் பேசினார்கள். காரியம் நடந்த வீட்டில் கதவைத் திறந்து வைக்கக்கூடாது என்று எந்த வழக்கமும் இல்லை போலிருக்கிறது. இருந்திருந்தாலும் அதை அன்றைக்கு யாரும் ஞாபகப்படுத்த விரும்பவில்லை. சரி என்றார்கள். தம்பி அண்ணியின் காலில் விழப் போனார், அவர் தள்ளி நகர்ந்து, பெண் குடத்தை வைத்துவிட்டு நிற்கிறாள், தண்ணீரை வீட்டுக்கு எடுத்துப்போகச் சொல் என்று மட்டும் சொன்னார்.

என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கோபமா, நன்றியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் உண்மையைச் சொல்லத்தான் போனேன், சொல்லவும் செய்தேன். அதை வைத்துக்கொண்டு அவர் ஒரு மனிதரை இரண்டாகப் பிரித்து, முகம் உள்ள பாதியை ஊருக்குக் கொடுத்துவிட்டு, முகம் இல்லாததைத் தனக்கு வைத்துக்கொண்டார்.

ஜீப் கிளம்பும்போது தூறல் பிடித்துக்கொண்டது. வெளிச்சம் போகிற நேரம். அவர் வீட்டைத் தாண்டினோம். கதவு திறந்திருந்தது, உள்ளே பல்பு எரிந்தது, வாசலில் யாரும் இல்லை. ஊரைத் தாண்டிப் புளியமரங்கள் வரிசையாக நிற்கிற வளைவில் டிரைவர் வேகத்தைக் குறைத்தார். எதிரில் யாரோ நடந்து வருகிறார்கள், ஒதுங்கட்டும் என்றார். எஞ்சின் சத்தம் தணிந்ததும் சருகுச் சத்தம் கேட்டது. ஜீப்புக்குள் நனைந்த கம்பளி வாசனை அடித்தது. ஜீப் நிறைய நனைந்த கம்பளிகள் இருந்தன, அதனால் அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. என் பக்கத்து ஓரமாக ஒருவர் கடந்து போனார். ஜீப்பை ஒட்டித்தான் போனார்.

டிரைவர் கியரை மாற்றிக்கொண்டே தலையைத் திருப்பினார். "யாரு சார் அது, நம்ம ஊர் ஆளா?"

"பாக்கலங்க."

"உங்க பக்கந்தான சார் போனாரு?"

"பாக்கல" என்றேன் மறுபடியும். சத்தியமாகப் பார்க்கவில்லை. வளைவு முடியும்வரை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தவன் எதைப் பார்த்திருக்க முடியும்?